நெஸ்டர் நடந்த வயல்கள்

கோதுமை இன்னும் வேகவில்லை. லரிசா ஒரு மணியை எடுத்து விரலிடையில் நசுக்கிப் பார்த்தாள்; உள்ளே கல்லாக இருந்தது. பதினோரு மணிக்கு அப்பாவை அடக்கம் செய்ய வேண்டும். அதற்குள் இது வெந்து, தேன் கலந்து, கிண்ணத்தில் நிரம்பி, நடுவில் மெழுகுவர்த்தியைத் தாங்கிக்கொண்டு சவப்பெட்டிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். கோதுமை இல்லாமல் வழியனுப்பினால் போகிறவன் பசியோடு போவான் என்பது அம்மா பராஸ்காவின் நம்பிக்கை.

பசியாவது பரவாயில்லை, வெட்கம்தான் பெரிதாக இருந்தது. நாலாயிரம் ஏக்கர் விதைக்கிற வீட்டில் ஒரு கிண்ணம் கோதுமை கிடையாது. முற்றத்தில் வரிசையாக நிற்கிற இரும்புக் குதிர்கள் எல்லாவற்றிலும் கனோலாதான். கடுகுக்குத் தம்பி, எண்ணெய்க்கு ஆகும், துக்க வீட்டுக் கிண்ணத்துக்கு ஆகாது. கடைசியில் டவுனில் உடம்பு இளைக்க நினைப்பவர்கள் போகிற கடையிலிருந்து, பூப்போட்ட ஒரு சின்னப் பையில் கோதுமை வாங்கி வந்தாள் லரிசா. அது வேறு நாட்டில் விளைந்தது என்று பையின் பின்பக்கம் எழுதியிருந்தது. பராஸ்கா அதைப் படித்தாள். பையைக் குப்பைக்கூடையில் எல்லாவற்றுக்கும் அடியில் தள்ளிவிட்டாள்.

தம்பி டேரன் வந்து பானையை எட்டிப் பார்த்தான். அரிசியைப் போட்டிருந்தாலும் எவனுக்கும் தெரியப்போவதில்லை என்றான். அவனும் விவசாயிதான். தெற்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் மாமனார் கொடுத்த நிலத்தில் தனிப் பண்ணை வைத்திருக்கிறான். ஆனாலும் அப்பாவின் நிலத்தில் எதை விதைப்பது என்ற பேச்சு வந்தால் முதல் குரல் அவனுடையது. விதைக்கிற வாரத்தில் மட்டும் ஆளைப் பார்க்க முடியாது. இத்தனை வருஷம் அப்பாவோடு நின்று விதைத்தவளும் மருந்தடித்தவளும் அறுத்தவளும் லரிசா.

"அக்கா, அப்பாவோட நல்ல தொப்பி எங்க? பெட்டி மேல வைக்கணும்."

"ஆணியில இருபது தொங்குது. எதுல கம்பெனி பேரு இல்லையோ அதை எடு."

ஒன்றிலும் இல்லாமல் இல்லை. தொப்பி, சட்டை, மழைக்கோட்டு, கையுறை என்று நெஸ்டர் உடம்பில் போட்டதெல்லாம் விதைக் கம்பெனிகள் சும்மா கொடுத்தவை. காசு கொடுத்து வாங்கிய ஒரே உடுப்பு டேரனின் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டுதான், அதைத்தான் இப்போது மாட்டிவிட்டிருந்தார்கள்.

நெஸ்டர் நல்ல விவசாயி. மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திராமல் அதை அவரே எல்லோரிடமும் சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து வயல்களைச் சுற்றி வருவது அந்தப் பக்கத்து ஆண்களுக்கெல்லாம் வழக்கம். மற்றவர்கள் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே பார்ப்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள், போய்விடுவார்கள். நெஸ்டர் இறங்குவார். அடுத்தவன் வயலுக்குள் நடந்துபோய் ஒரு செடியை வேரோடு பிடுங்குவார். மறுநாள் காலை டவுன் காப்பிக்கடை மேசையில் அந்தச் செடி கிடக்கும்.

"இது யாரோடதுன்னு சொல்லுங்க பாப்போம்," என்பார். "எங்கம்மா கல்லறையில இதைவிட நல்லா புல்லு மொளைக்குது."

எல்லோரும் சிரிப்பார்கள். செடிக்குச் சொந்தக்காரனும் சிரிப்பான், சிரிக்காவிட்டால் அது யாருடையது என்று தெரிந்துவிடும். அதிகம் அடிபட்டவர் மேற்கு நிலத்துக்காரர் ஜேக் வீபே. கோதுமை, பட்டாணி, ஓட்ஸ், அதற்குப் பிறகுதான் கனோலா என்று நாலு வருஷத்துக்கு நாலு பயிரை மாற்றி மாற்றிப் போடுகிறவர். ஓட்ஸ் குதிரைக்குப் போடுகிற தானியம் என்பதால் நெஸ்டர் அவருக்கு வைத்த பெயர் ஓட்ஸ் ஜேக். மனுஷன் குதிரையைக் கட்டிக்கொண்டிருக்கிறான், பொண்டாட்டிக்குத் தீனி விளைவிக்கிறான் என்று அவர் எதிரிலேயே சொல்வார். ஜேக் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போவார்.

ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. நெஸ்டர் வீட்டை ஒட்டி, பெரிய சாலையைப் பார்த்தபடி நூற்றறுபது ஏக்கர் கிடக்கிறது. வீட்டடி நிலம் என்பார்கள். அந்த வழியே போகிறவர்கள் கண்ணில் மஞ்சள் பூ பட வேண்டும் என்பதற்காகவே வருஷா வருஷம் அதில் கனோலா. ஒரு வருஷம் கனோலா, அதை அறுத்த தாளின் மேல் மறுபடி கனோலா. இந்த ஆகஸ்டில் வயல் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு திட்டு, மழை இருந்தும் வாடியது. லரிசா ஒரு செடியைப் பிடுங்கினாள். வேர் இஞ்சிக்கிழங்காக வீங்கிப் புடைத்திருந்தது.

வேர்க்கழலை, மண்ணிலிருந்து வருகிற நோய். அதற்கு மருந்து கிடையாது. ஒரு தடவை மண்ணில் இறங்கிவிட்டால் பல வருஷம் அங்கேயே கிடக்கும். செருப்பில், டயரில், இயந்திரத்தில் அந்த மண் எங்கே போகிறதோ அங்கெல்லாம் அதுவும் போகும். கோதுமையையும் ஓட்ஸையும் அது தொடாது. கனோலாவை அந்த நிலத்தில் நெடுங்காலம் நினைத்தும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் வைத்தியம்.

அப்பாவிடம் காட்டினாள். அவர் வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழவனின் முகத்தில் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தாள். அது நிலத்துக்கான பயம் என்று ஒரு நிமிஷம் நம்பினாள். காப்பிக்கடைக்கான பயம் என்பது அவர் வாயைத் திறந்ததும் தெரிந்தது. வெளியே மூச்சு விடக் கூடாது என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எப்போதும் போல வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் குழாய் மாட்டிக் கிடந்தபோதும் இதே பேச்சுதான். வருகிற பருவத்துக்குத் திட்டம் கேட்டார். டேரன் ஒப்பித்தான்: தெற்குத் துண்டில் மைசூர்ப் பருப்பு, தண்ணீர் தேங்குகிற பக்கம் ஆளிவிதை, மற்றதெல்லாம் கனோலா. வீட்டடி நிலத்துக்கு என்ன என்று லரிசா கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரியும்.

"கனோலாதான்," என்றார் நெஸ்டர். குழாயை விலக்கிக்கொண்டு சொன்னார். "ரோட்டோர நெலம். திடீர்னு ஓட்ஸைப் போட்டா நாலு பேரு ஏன்னு கேப்பான். கேக்கக் கூடாது. உன் மூஞ்சியில கூடத் தெரியக் கூடாது."

அன்று ராத்திரி போய்விட்டார். அப்பாவின் கடைசி வார்த்தை என்று மற்ற பெண்கள் எதையெதையோ பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். லரிசாவுக்குக் கிடைத்தது இது.

அவர் போனது செப்டம்பர் கடைசியில். சஸ்காட்சுவான் மாதிரிக் குளிர் மாகாணத்தில் அது சாகிற காலமே இல்லை. பயிர் வயலில் நிற்கும், பனி எந்த வாரமும் வந்துவிடும். அப்படி அறுவடைக்கு முன்னால் ஒருவன் செத்தால் சுற்றுவட்டாரமே தன் வேலையைப் போட்டுவிட்டு இயந்திரங்களோடு வந்து ஒரே நாளில் அவன் பயிரை அறுத்துக் கொடுக்கும். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. செத்தவன் நல்லவனா என்றும் யாரும் கேட்பதில்லை. முதலில் போன் செய்தவர் ஜேக் வீபே. சனிக்கிழமை ஏழு அறுவடை இயந்திரங்கள் வருகின்றன, வீட்டடி நிலத்தில் தொடங்கலாம் என்றார். நேற்றுதான் மழை பெய்திருந்தது. ஏழு இயந்திரங்களும் சக்கரம் நிறைய அந்த மண்ணை அப்பிக்கொண்டு ஏழு பண்ணைகளுக்குத் திரும்பும்.

கோதுமையைக் கிளறிக்கொண்டே லரிசா டேரனிடம் சொன்னாள். "இன்னைக்கு அவங்ககிட்ட சொல்லிடணும்டா."

"சொல்லி?" என்றான் அவன். "எவன் இந்த நெலத்தைக் குத்தகைக்கு எடுப்பான்? வித்தா எவன் வாங்குவான்? நீ ஒத்தையா அந்தப் பழைய மிஷினை வெச்சுக்கிட்டு பனிக்கு முன்னாடி அறுத்துடுவியா? அது அப்படியெல்லாம் லேசுல பரவாதுக்கா. படிச்சிருக்கேன்."

"எதுல படிச்சே?"

"அப்பா பேரு என்ன ஆகும்னு யோசிச்சியா?"

அவள் யோசித்துத்தான் இருந்தாள். அப்பா பேரை நினைத்து அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. கோபம் வந்தது, அதுவும் சாப்பாட்டு நேரத்துப் பசி போலச் சாதாரணமாக வந்தது. வாய் திறந்தால் ஒரு வருஷ விளைச்சல் பனிக்கடியில் போகும், இந்த ஊரில் அவளுக்கு ஒரு டிராக்டரை இரவல் கொடுக்க ஆள் இருக்காது. திறக்காவிட்டால் ஏழு குடும்பங்களின் மண் போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம் என்று நம்புகிற ஆண்களுக்கு நடுவில், சோறு பரிமாறுகிற வேலை மட்டும் அவளுக்கு.

கோவில் வீட்டடி நிலத்தின் மூலையிலேயே இருந்தது. உச்சியில் வெங்காய வடிவக் குமிழ் வைத்த சின்ன மரத் தேவாலயம், பக்கத்தில் கல்லறைத் தோட்டம், வேலிக்கு அந்தப் பக்கம் கனோலா. சுற்றிப் போகச் சோம்பல்பட்டு நெஸ்டர் தன் டிராக்டரைக் கல்லறைப் பாதை வழியாகத்தான் வயலுக்குள் விடுவார். ஃபாதர் இரண்டு தடவை வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை. அதனால் பாதை முழுக்க வயல் மண், மழையில் குழைந்து கிடந்தது. அந்தச் சேற்றில் மிதித்துத்தான் அத்தனை பேரும் பெட்டிக்குப் பின்னால் நடந்தார்கள்.

உள்ளே பூசை நடந்தபோது விதைக் கம்பெனி முகவர் க்ளென் புத்தம்புதுத் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து பெட்டி மேல் வைத்தான். அடுத்த வருஷத்து ரகத்தின் பெயர் அதில் தங்க நூலில் இருந்தது. ஃபாதர் அதை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தார். க்ளென் எடுத்துவந்து மறுபடி பெட்டி மேல் வைத்தான். அடுத்த முறை ஃபாதர் அதைத் தன் நாற்காலியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு லரிசாவுக்கு மரியாதை தோன்றிய ஒரே ஆண்பிள்ளை அவர்தான்.

குழியருகில் நித்திய நினைவுப் பாட்டைப் பாடினார்கள். வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். ஜேக் வீபே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். தன்னைக் குதிரைப் புருஷன் என்றவனுக்கு அவர் போட்ட மண் மற்றவர்கள் போட்டதைவிடக் குறைவாக இல்லை. பராஸ்கா போட்டுவிட்டு உள்ளங்கையைப் பார்த்தாள். துடைக்காமலே கையுறையை மாட்டிக்கொண்டாள்.

சாப்பாடு கோவிலின் நிலவறையில். முட்டைக்கோஸ் இலையில் சோறு பொதிந்து வேகவைத்தது, உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, மேலே வெங்காயம் வதக்கி ஊற்றியது. பெண்கள் தட்டுகளோடு ஓட, ஆண்கள் உட்கார்ந்தார்கள். இரண்டாவது கொழுக்கட்டை உள்ளே போவதற்குள் பேச்சு அடுத்த பருவத்துக்குப் போய்விட்டது. என்ன போடப் போறே என்று ஒருவன் கேட்பான், இன்னும் முடிவு பண்ணலை என்று மற்றவன் சொல்வான். இரண்டு பேருமே போன மாசமே விதைக்குச் சொல்லிவைத்தவர்கள். பருப்பு என்று ஒருவன் சொன்னால் இவன் ஆளிவிதைதான் போடுகிறான் என்று மேசை முழுக்கப் புரிந்துகொள்ளும். சவத்துக்கு முன்னால் பொய் சொல்லத் தயங்குகிறவர்கள்கூட விதையைப் பற்றி மட்டும் கூசாமல் சொன்னார்கள்.

டேரன் ஒருவன்தான் உண்மையைச் சொன்னான், அதுவும் எழுந்து நின்று. வீட்டடி நிலத்தில் வருகிற வருஷமும் கனோலாதான், அது அப்பாவின் கடைசி ஆசை, என்றான். க்ளென் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எல்லோரும் குவளையைத் தூக்கினார்கள்.

ஜேக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, சனிக்கிழமை விடியும்போதே இயந்திரங்கள் வந்துவிடும், வீட்டில் காப்பி மட்டும் போட்டு வைத்தால் போதும் என்று லரிசாவைப் பார்த்துச் சொன்னார். அவள் கையில் கோதுமைக் கிண்ணம் இருந்தது. ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்துக்கொண்டு வந்தவள் அவர் முன்னால் நின்றாள்.

"யாரும் மிஷினைக் கொண்டாராதீங்க," என்றாள். "வீட்டடி நெலத்துல வேர்க்கழலை இருக்கு."

கரண்டிச் சத்தம் நின்றது. ஒருவரும் பதறவில்லை. அந்த ஆட்கள் பதறமாட்டார்கள், மெல்லுவதை நிறுத்துவார்கள்.

"அக்கா துக்கத்துல என்னமோ பேசுது," என்றான் டேரன். "தூங்கி நாளாச்சு. அம்மா, நீயாவது சொல்லும்மா."

பராஸ்கா அடுக்களை வாசலில் ஈரத் துண்டோடு நின்றிருந்தாள். வீட்டில் நாற்பத்தெட்டு வருஷமாக நெஸ்டர் பேச, இவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"ஆகஸ்ட்ல உங்கப்பா அந்த வேரைக் கொண்டாந்து எம் மேசை மேல போட்டுட்டுப் போனாரு," என்றாள். "நான் இஞ்சின்னு நெனச்சுத் தோல் சீவப் போனேன்."

டேரன் உட்கார்ந்தான். ஜேக்தான் கேட்டார், லரிசாவிடம் அல்ல, மேசையிடம் கேட்பது போல. "ஆகஸ்ட்லயே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆகஸ்ட் கடைசி ஞாயித்துக்கெழமை என் வயல்ல வந்து நடந்தானே."

"என்னோடதுலயும்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

எதிர் மேசைக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். அவருடைய செடிதான் செப்டம்பர் முதல் வாரம் காப்பிக்கடை மேசையில் கிடந்தது என்பது யாரும் சொல்லாமலே அங்கே எல்லோருக்கும் தெரியும். அவரவர் வயலை அவரவர் மனதுக்குள் நடந்து பார்த்தார்கள். நெஸ்டர் கால் படாத வயல் அந்த அறையில் ஒருவருக்கும் இல்லை. ஒவ்வொருவரும் அந்த உண்மைக்கு வந்துசேர்ந்த நேரம் அவரவர் முகத்தில் தெரிந்தது. லரிசா பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அவர்கள் மேல் இரக்கம் வரவில்லை. அந்தக் காப்பிக்கடையில் ஒருநாள், ஒரே ஒருத்தன், என் வயலில் காலை வைக்காதே என்று சொல்லியிருந்தால் போதும். சிரித்தார்களே.

"அதுல இனி கோதுமை, இல்லன்னா ஓட்ஸ்," என்றாள். "அடுத்த தலைமுறை வரைக்கும். நிக்கிற பயிரை நானே அறுத்துக்கறேன்."

ஜேக் தன் கரண்டிக் கோதுமையைச் சாப்பிட்டு முடித்தார். அதை மீதம் வைக்கக் கூடாது. பிறகு எழுந்து பராஸ்காவுக்குத் தலை குனிந்துவிட்டுப் படியேறினார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். க்ளென் எப்போது போனான் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

அம்மாவும் மகளும் பாத்திரம் கழுவ நின்றார்கள். நிலவறை ஜன்னல் வெளித்தரையின் மட்டத்தில் இருந்தது. தொட்டிக்கு முன்னால் நின்றால் வெளியே நிற்கிறவர்களின் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். அங்கே ஒரு ஜோடி கறுப்புக் காலணி வந்து நின்றது. புல்லில் அடிப்பக்கத்தை அழுத்தித் தேய்த்தது, விளிம்பைத் தேய்த்தது, மற்றக் காலுக்கு மாறியது. பக்கத்தில் இன்னொரு ஜோடி. பிறகு வரிசையாக நின்றன, துக்கத்துக்கு என்று மெருகேற்றி வந்தவை. ஒரு கை கீழே இறங்கிக் காகிதத்தால் குதிகாலைத் துடைத்தது. தேய்க்கிற சத்தம் மட்டும் கண்ணாடி வழியாக வந்தது. நெஸ்டர் வயல் வயலாக நடந்து முடித்த மண்ணை அவர்கள் கோவில் புல்லில் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகப் பார்த்தார்கள்.

"குழியில மண்ணு போட்ட கையும் இருக்குல்ல," என்றாள் பராஸ்கா. "கீழ வந்தா சோப்பு இருக்குன்னு சொல்லு."

லரிசா போகவில்லை. அடுத்த தட்டை எடுத்துக் கழுவினாள். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின, புல் காலியாயிற்று.

எல்லோரும் போன பிறகு ஒரு ஜோடி வந்தது. புதிய பழுப்புத் தோல் காலணி, அடக்கத்துக்கென்று நேற்று வாங்கியது. விலைச்சீட்டைக் காலையில் பராஸ்காதான் பிய்த்துக் கொடுத்திருந்தாள். அது சுற்றும் முற்றும் திரும்பிப் பார்ப்பது போல இரண்டு எட்டு நகர்ந்து, சுவரோரமாக ஒதுங்கியது. டேரன் குந்தி உட்கார்ந்தான். ஒரு குச்சியை எடுத்து அடிப்பக்கத்துக் கோடுகளில் சிக்கிய மண்ணை ஒவ்வொரு கோடாக நோண்டினான். தெற்கே மாமனார் நிலம் சுத்தமான நிலம்.

குச்சி ஒடிந்தது. இன்னொன்றைத் தேடி எடுத்துக்கொண்டான்.